அத்தை யார் பக்கம்?

எங்கள் வீட்டுக் கூடத்தில் சித்தப்பா சுண்ணாம்புக் கோடு போட்ட வருஷம் நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். வாசற்படியில் ஆரம்பித்த கோடு கூடத்தைக் கடந்து, முற்றத்தில் இறங்கி, கிணற்றுச் சுவர்மேல் ஏறி, கொல்லைச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. கிணற்றுக்குள்ளே கோடு போட முடியாது என்பதால் அங்கே மட்டும் கையால் காற்றில் காட்டினார். கிழக்குப் பக்கம் அப்பாவுக்கு, மேற்குப் பக்கம் சித்தப்பாவுக்கு. தண்ணீர் யார் பக்கம் ஊறுகிறதோ அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

தாத்தா மல்லாட்டை வியாபாரத்தில் சம்பாதித்துக் கட்டிய வீடு அது. நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். தேரடியிலிருந்து உள்ளே பிரிகிற சந்தில் மனை வாங்கி, தானே நின்று கட்டினாராம். பாட்டி எப்போதோ போய்விட்டாள்; முந்தின வருஷம் தாத்தாவும் காலமாகிவிட்டார். உயில் கியில் என்று எதுவும் எழுதி வைக்கவில்லை. தனக்கும் சாவு உண்டு என்று அவர் நினைத்ததாகவே தெரியவில்லை.

சண்டை போட்டுக்கொண்டு பிரிந்தோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் வீட்டில் சண்டை போடத் தெம்பிருந்த ஒரே ஆள் தாத்தாதான். சித்தப்பாவுக்கு முன்பக்க அறையில் சைக்கிள் கடை வைக்க ஆசை. பள்ளிக்கூட வாத்தியாரான அப்பாவுக்கு, டியூப் வெடிக்கிற சத்தத்தில் பரீட்சைத் தாள் திருத்த முடியாதே என்று கவலை. அம்மா வைக்கும் சாம்பாரில் காரம் ஜாஸ்தி என்பாள் சித்தி. சித்தி வைக்கும் ரசத்தில் புளி கம்மி என்பாள் அம்மா. ஆளுக்கொரு அடுப்பு, நடுவில் ஒரு சுவர் என்று சிரித்துப் பேசியே முடிவு செய்தார்கள். மலைமேல் ஏற்றுகிற கார்த்திகை தீபத்தைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து தங்குவார்கள், அந்த நேரத்தில் சுவர் எழுப்பினால் நன்றாக இருக்காது என்பதால், தீபம் முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்திரம் எழுதுவதாக ஏற்பாடு. கொத்தனார் மட்டும் முன்ஜாக்கிரதையாகச் செங்கல்லை இறக்கி வாசலில் அடுக்கிவிட்டுப் போயிருந்தார். தீபத்துக்கு வந்தவர்கள் அதன்மேல் உட்கார்ந்துதான் செருப்பைக் கழற்றினார்கள்.

ஒரே ஒரு சிக்கல், மாடிப்படி. எங்கள் மொட்டை மாடியில் ஏறி நின்றால் மலை முழுசாகத் தெரியும். தீபத்தன்று சாயங்காலம் சந்தில் பாதிப் பேர் எங்கள் மாடியில்தான் நிற்பார்கள். படியோ கூடத்தின் மேற்கு ஓரத்தில் இருந்தது. கோட்டின்படி அது சித்தப்பாவுக்குப் போனது.

"அப்ப தீபம் பாக்க நாங்க உன் வீட்டுக்கு வரணுமா? மலை என்ன உன் பாகத்துலயா இருக்கு?" என்றார் அப்பா.

"மலை ஊருக்கே பொதுண்ணா. படி மட்டும்தான் என்னுது" என்றார் சித்தப்பா.

இந்தப் பேச்செல்லாம் அத்தையின் தலைக்குமேல்தான் நடந்தது. கோடு போனது அவளுடைய ஊஞ்சலுக்கு நேர் கீழே. ஒரு சங்கிலி எங்கள் பக்கம், மறு சங்கிலி சித்தப்பா பக்கம். அத்தை உட்கார்ந்து ஆடினால் இடது கால் எங்கள் வீட்டிலும் வலது கால் சித்தப்பா வீட்டிலுமாக முன்னும் பின்னும் போய் வந்தது.

அத்தை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஊரில் யார் யாரோடு பேச வேண்டுமானாலும் அவள் கை வழியாகத்தான் பேச வேண்டும். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் யாராவது குறுக்கே பேசினால் "லைன் பிஸி, அப்புறம் பேசுங்க" என்பாள். ட்ரங்க் காலில் மாமியாரும் மருமகனும் போட்ட சண்டையை இரண்டு குரலிலும் நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்க வைப்பாள். அவளைக் கீழ்பென்னாத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒரு வருஷத்துக்குள் ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறித் திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்று பெரியவர்கள் பேச மாட்டார்கள். அதனால் அதில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்றே நாங்களும் நினைத்தோம். சீராகப் போன பாத்திரங்கள் அங்கேயே தங்கிவிட்டன. கல்யாணத்தில் மாறிய இனிஷியல் மட்டும் அவளோடு வந்துவிட்டது. ஆபீஸ் தபாலிலும் ரேஷன் கார்டிலும் அந்தக் கீழ்பென்னாத்தூர்க்காரரின் எழுத்தே அவள் பெயருக்கு முன்னால் நின்றது.

நான் பிறந்ததிலிருந்து அத்தை பக்கத்தில்தான் படுப்பேன். அதனால் ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன்: "அத்தை யார் பக்கம்?"

கொஞ்ச நேரம் எல்லோருக்கும் சோறு ரொம்ப முக்கியமாகிவிட்டது.

"அக்காவுக்கு இல்லாத இடமா! உன் பக்கம்தான் காத்தோட்டம். அங்க இருந்தா அவளுக்கு நல்லது" என்று சித்தப்பாவிடம் சொன்னார் அப்பா.

"உன் பக்கம் இருந்தா அண்ணிக்கு ஒத்தாசையா இருக்குமேண்ணா" என்றார் சித்தப்பா.

இப்படியே ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள். மாடிப்படிக்கு இல்லாத பெருந்தன்மை இதில் இரண்டு பேருக்கும் வந்திருந்தது. கடைசியில் ஆடி வரைக்கும் இங்கே, அதற்கப்புறம் அங்கே என்று ஒரு யோசனை பிறந்தது. அத்தை எல்லோருக்கும் மோர் ஊற்றிக்கொண்டே, "ரெண்டும் நல்ல இடம்தான்டா" என்று சிரித்தாள். சாப்பிட்டுவிட்டுப் போய் ஊஞ்சலில் உட்கார்ந்தாள். ஆடவில்லை. பாதி வருஷம் அத்தை சுவருக்கு அந்தப் பக்கம் படுப்பாள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

மறுநாள் அம்மாவும் சித்தியும் சாமான் அறையில் இருந்ததைப் பிரிக்க உட்கார்ந்தார்கள். எங்கள் ஊரில் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். கல்யாணச் சீர் என்றால் கரண்டியில்கூடப் பெண்ணின் பெயர் இருக்கும். இருவரும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, "இது என்னுது, இது உன்னுது" என்று ஒதுக்கிக்கொண்டே வந்தார்கள். பாத்திரத்தோடு நிற்கவில்லை. பீரோ அம்மாவோடு வந்தது, கட்டில் அம்மாவோடு வந்தது, அப்பா பேப்பர் படிக்கிற நாற்காலியும் அம்மாவோடு வந்ததுதான் என்று தெரிந்தது. அப்பாவுக்கென்று குடையும் சவரப் பெட்டியும் மிஞ்சின. "இத்தனை வருஷமா நான் உங்க அம்மா வீட்டுலதான் குடியிருக்கேன்போல" என்று அப்பா என்னிடம் புலம்பினார்.

பெயரே இல்லாதவை தாத்தாவின் சாமான்கள். பெரிய அண்டா, குத்துவிளக்கு, பித்தளைச் சொம்புகள், சுவர்க் கடிகாரம், ஊஞ்சல் பலகை. அவை ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பாதிப் பாதியாகப் பிரிய வேண்டும்.

"அத்தை பேர் வெட்டினது எங்கம்மா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கீழ்பென்னாத்தூர்ல இருக்கு. எவளோ அதுல சோறு வடிக்கிறா."

"அப்ப அத்தைக்கு?"

"பேர் இருந்தாத்தானே எடுத்துக் குடுக்க முடியும்? போய்ப் படிடி."

படிக்கப் போனேன். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்ததும் படிப்பு மறந்துபோனது. காம்பஸ் முனை பளபளவென்று என்னைப் பார்த்தது. பெயர் இருந்தால் சொந்தம். பெயர் இல்லாததற்குப் பெயர் போட்டுவிட்டால்? இவ்வளவு சுலபமான காரியம் பெரியவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

தீபத்துக்கு வந்தவர்கள் கிளம்பிப் போன அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வருவேன். அம்மாவும் சித்தியும் விளக்கு வைத்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிப் போவார்கள். நான் சாமான் அறைக்குள் போய் வேலையை ஆரம்பிப்பேன். பித்தளை லேசில் மசியவில்லை. கை கடுத்தது. அண்டாவில் மட்டும் பெரிதாகப் போட்டேன், அண்டா பெரியது என்பதால். ஊஞ்சல் பலகைக்கு அடியில் படுத்துக்கொண்டு எழுதினேன், மரத்தூள் கண்ணில் விழுந்தது. அம்மிக்கல்லில் முனை இறங்காததால் சாக்பீஸால் எழுதினேன். வெறும் பெயர் மட்டும் போட்டால் ஊரில் அதே பெயருள்ள வேறு யாராவது வந்து கேட்டுவிடுவார்களோ என்று எல்லாவற்றிலும் இனிஷியலும் போட்டேன். தாத்தா வீட்டுச் சாமான், அதனால் தாத்தாவின் எழுத்து. அதில் யோசிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்திரம் எழுதுகிறவர் வந்தார். ரிஜிஸ்தர் ஆபீஸ் பக்கத்தில் கடை போட்டிருந்தவர். வெற்றிலை வாயோடு ரெக்சின் பையைப் பிரித்துவைத்துக்கொண்டு, "அண்ணன் தம்பி ஒத்துமையா பிரியறதைப் பாக்க எனக்கு அவ்ளோ சந்தோஷம்ங்க" என்றார். வீடு முடிந்ததும் சாமான்களையும் அவர் முன்னாலேயே பிரித்துவிடலாம் என்று எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பினார்கள். சித்தப்பா ஆசையோடு முதலில் அண்டாவைக் கவிழ்த்தார்.

"இன்னாடி இது?" என்று சித்தியைக் கேட்டார்.

சித்தி குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். அடுத்து குத்துவிளக்கைத் தூக்கினாள். அப்புறம் சொம்புகள். ஒவ்வொன்றிலும் அத்தை. அப்பா சந்தேகத்தோடு சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் திருப்பினார். அதிலும் அத்தை. எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அன்று அவளுக்கு டியூட்டி இல்லை. ஊஞ்சலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். தன் பலகைக்கு அடியிலும் தன் பெயர் இருந்தது அவளுக்கு இன்னும் தெரியாது.

"அண்ணி, இது எப்ப நடந்துச்சு?" என்று அத்தையைக் கேட்டாள் சித்தி, குரலில் கொஞ்சம் காரத்தோடு.

அப்பா கடிகாரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அக்காவை ஏன் கேக்கற? இந்தக் கையெழுத்தை நான் தினமும் திருத்தறேன்" என்றார்.

அம்மா என் காதைப் பிடித்துக்கொண்டே கூட வந்து ஜாமெட்ரி பாக்ஸை எடுக்க வைத்தாள். காம்பஸ் முனை மழுங்கிப்போயிருந்தது. வேறு சாட்சி தேவைப்படவில்லை. "பேர் இருந்தாத்தான் சொந்தம்னு நீதானே சொன்ன!" என்று கத்தினேன். அம்மாவின் பிடி கொஞ்சம் தளர்ந்தது.

அத்தை வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பாள் என்று காத்திருந்தேன். அவள் ஒரு சொம்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, நான் கிறுக்கிய இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றாள்.

பத்திரக்காரர்தான் நிலைமையைச் சமாளித்தார். "குழந்தை ஏதோ விளையாட்டா பண்ணிடுச்சு, விடுங்க. பேர் எழுதினா சொந்தமாயிடுமா? அதெல்லாம் தேய்ச்சா போயிடும். அக்கா, நீங்க வந்தது நல்லதாப்போச்சு. இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க. சும்மா ஒரு விடுதலைப் பத்திரம்தான். எனக்கு இந்த வீட்டுல ஒண்ணும் வேணாம்னு. ஒரு முறைக்கு."

அத்தை சொம்பைக் கீழே வைக்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் பேசுகிற குரலில், ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்: "பேர் எழுதினா சொந்தமாகாது. சரிங்க. எழுதலைன்னா?"

"என்னக்கா கேக்கறீங்க?"

"எனக்கு இந்த வீட்டுல ஒண்ணும் இல்லைன்னா, என் கையெழுத்து எதுக்குங்க? பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட நீங்க வாங்கலையே. என்கிட்ட கேக்கறீங்கன்னா எனக்கு ஏதோ இருக்கு. அது என்னன்னு சொல்லிட்டு வாங்கிக்குங்க."

பத்திரக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வர வெளியே போனார். திரும்பி வந்தபோது அப்பா அவரை விடவில்லை. "சொல்லுங்க, எனக்கும் தெரியணும்" என்றார்.

"தாத்தா, அதாவது உங்கப்பா, சுயமா சம்பாதிச்சுக் கட்டினது. உயில் இல்லை. மூணு பிள்ளைங்க, மூணு சம பங்கு. பொண்ணும் பிள்ளைதானேங்க. வீட்டுலயும் அப்படித்தான், பேர் இல்லாத இந்தச் சாமான்லயும் அப்படித்தான். சீர்ச் சாமான் மட்டும் அந்தந்தப் பொண்ணுங்களுது, அதுல நீங்ககூடக் கை வைக்க முடியாது." கொஞ்சம் தயங்கி, மெதுவாகச் சொன்னார்: "அவங்களா வந்து வீட்டைப் பிரிச்சுக் குடுன்னு கேக்க முடியாதுங்க. ஆனா நீங்களா பிரிக்கக் கிளம்பினா, அவங்களுக்கும் குடுத்துத்தான் ஆகணும். அதுக்குத்தான் அந்தக் கையெழுத்து. எல்லா வீட்டுலயும் ஒரு புடவை எடுத்துக் குடுத்து வாங்கிடுவாங்க."

சித்தி எழுந்து உள்ளே போனாள். புதுப் புடவை ஒன்று தயாராக இருந்தது என்பதும், அதை மறைத்துவைக்கத்தான் போனாள் என்பதும் எனக்குப் பின்னால் தெரிந்தது.

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் கெட்டவரில்லை. சந்தில் வேறொரு வீட்டுப் பெண்ணுக்கு இது நடந்திருந்தால் முதல் ஆளாகப் போய் நியாயம் பேசியிருப்பார். சொந்த அக்காவை மட்டும், கூடத்து ஊஞ்சலைப்போல, இருக்கிற இடத்தில் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

"நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா" என்றார்.

"நான் எங்கடா கேட்டேன்? நீங்கதான் கேட்டீங்க, கையெழுத்து." இப்போது அத்தை சிரித்தாள். அது எங்களுக்குத் தெரிந்த சிரிப்பு. "நான் ஒண்ணும் ஜாஸ்தியா கேக்கப்போறதில்ல. ரெண்டு பக்கத்து ரூமெல்லாம் நீங்க எடுத்துக்குங்க. கூடம் எனக்கு, ஊஞ்சலும் மாடிப்படியும் எனக்கு. சாமான்ல இந்தச் சொம்பு போதும்."

சித்தப்பா தான் போட்ட கோட்டை வாசல் வரைக்கும் பார்த்தார். நடுக்கூடம் அத்தைக்கு என்றால் நடுவில் சுவர் எழுப்ப முடியாது. வாசலும் அதில்தான் இருந்தது. அப்பா பக்கத்திலிருந்து சித்தப்பா பக்கம் போக வேண்டுமென்றால் அத்தை வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"மாடிப்படி?" என்றார் அப்பா.

"என்னுதுடா. யார் வேணா ஏறலாம்."

உள்ளே இருந்து வந்த சித்திதான் முதலில் சிரித்தாள். அப்புறம் அம்மா. அம்மா என் காதை விட்டுவிட்டாள். பத்திரக்காரர், மூன்று பாகமாகப் புதிதாக எழுத வேண்டும், அடுத்த வாரம் வருகிறேன் என்று பையைக் கட்டினார். அத்தை அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். எனக்குத் தண்டனையாகத் தென்னந்துடைப்பத்தைக் கொடுத்து, சுண்ணாம்புக் கோட்டை வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் தேய்த்துக் கழுவச் சொன்னார்கள். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தத் தண்டனையையும் அனுபவித்ததில்லை. செங்கல்லெல்லாம் சித்தப்பாவின் சைக்கிள் கடைக்குப் படிக்கட்டாகிப் போனது. அடுப்பு மட்டும் சொன்னபடி இரண்டானது. அதனால் நாங்கள் இரண்டு அடுப்பிலும் சாப்பிட்டோம்.

காம்பஸால் எங்கள் அத்தைக்கு வீடு வாங்கிக் கொடுத்தேன் என்று பள்ளிக்கூடத்தில் ரொம்ப நாள் அடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். சட்டம் தன்பாட்டுக்கு அவள் பக்கம் இருந்தது என்பதும், ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவள் அந்த மாதம் தனக்காக ஒரு வக்கீல் வீட்டுக்கு லைன் போட்டுப் பேசியிருந்தாள் என்பதும் நான் வளர்ந்து பெரியவளான பிறகு தெரிந்த சங்கதிகள். என் பெருமை அப்போது கொஞ்சம் இறங்கியது. முழுக்க இறங்கவில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது ஒன்று உண்டு. கோடு கழுவிய ஈரம் காயாத கூடத்தில் அத்தை ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தச் சொம்பு. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"ஏண்டி, இந்த இனிஷியலை யார் போடச் சொன்னா?"

"யாரும் சொல்லல. தாத்தா பேரு. நீ தாத்தா பொண்ணுதானே?"

அத்தையின் கட்டைவிரல் என் கோணல் எழுத்தின்மேல் மறுபடியும் போனது. பெயரின்மேல் இல்லை, அதற்கு முன்னால் இருந்த அந்த ஒற்றை எழுத்தின்மேல். அவள் கண் நிறைந்து வழிந்தது. தப்பான எழுத்தைப் போட்டுத் தொலைத்துவிட்டேன் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

"தப்பா இருந்தா சொல்லு அத்தை. சுரண்டிட்டு உன் ஆபீஸ் தபால்ல இருக்கற எழுத்தையே போட்டுடறேன்" என்றேன்.

அத்தை சட்டென்று சொம்பை என்னிடமிருந்து விலக்கிக்கொண்டாள். எழுந்து போய், என் கைக்கு எட்டாத மேல் அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள். இனிமேல் பாத்திரத்தை நம்பி என்னிடம் கொடுக்க மாட்டாள் என்று நினைத்து, எனக்கும் கொஞ்சம் அழுகை வந்தது.